பம்பைக் கழற்றும் முன்

பெட்ரோல் பம்ப் தளர்ந்துபோன பழைய காரைப் பெரிய காஞ்சிபுரத்துக்குள் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ராஜ வீதிகளைச் சுற்றி வரலாம். காமாட்சியம்மன் கோயில் வாசலில் ஆளை இறக்கிவிடலாம். காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளின் முன்னால் நெரிசலில் அரை மணி நேரம் ஊரலாம். வண்டி ஒரு குறையும் காட்டாது. அதே வண்டி பொன்னேரிக்கரையில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஏறி, ஒரு கன்டெய்னர் லாரியை முந்தப் போகும்போதுதான் திணறும்.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஊருக்குள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 2 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 33 மில்லி. நெடுஞ்சாலையில் சீராக 72 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 12 கொடுத்தால், மணிக்கு 6 லிட்டர். நிமிடத்துக்கு 100 மில்லி. கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டு ஐந்து பேர் திரும்புகிறார்கள், டிக்கி நிறைய மூட்டை, ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்திருக்கிறது என்றால், 1489 சிசி அம்பாசடர் இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் கேட்கும். நிமிடத்துக்கு 250 மில்லி. நல்ல நிலையில் இருக்கும் பம்ப், கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றிவிட்டால், நிமிடத்துக்கு அரை லிட்டர் போலத் தள்ளும். அதன் பலம் பாதியாகக் குறைந்தாலும் வண்டி ஓடும். ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் ஊருக்குள் ஓடும். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு, முழுதாகக் கைவிடும் நாள்வரை ஒன்றும் தெரியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. வண்டி திணறியதும் முதலில் பழி விழுவது பம்பின் மேல்தான். கழற்றுவது சுலபம், இரண்டு நட்டு, இரண்டு குழாய். புதிதை மாட்டியதும் ஒரு வாரம் நன்றாக ஓடும். கழற்றி மாட்டிய கையோடு ஃபில்டரை மாற்றியதும், குழாய்க் கிளிப்பை இறுக்கியதும்தான் வண்டியைச் சரியாக்கியிருக்கும். பெயர் பம்புக்குப் போகும். அதனால் இந்த அத்தியாயம் முழுக்க ஒரே பிடிவாதம்தான்: அளந்து பார்க்காமல் பம்பை மாற்றாதீர்கள்.

இங்கே பேசுவது கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் கார்களைப் பற்றி. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இன் முதல் பதினைந்து சொச்ச ஆண்டு வண்டிகள், பழைய ஆம்னி ஆகியவை. வாடகைக்கு ஓடிய அம்பாசடர்களில் பெரும்பாலானவை டீசல். அவற்றின் ஃபீடு பம்ப், நாசில், ஏர் எடுக்கும் முறை எல்லாம் வேறு சங்கதி. அவற்றுக்கு இதைப் படித்துப் பயனில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

இந்தப் பம்பை உதிரிபாகக் கடைகளில் ‘ஏசி பம்ப்’ என்று கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுப்பார்கள். இன்ஜின் பக்கவாட்டில் அல்லது ஹெட்டில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். கேம் ஷாஃப்டில் உள்ள ஒரு மேடு, சுற்றுக்கு ஒரு முறை பம்பின் கையை அசைக்கும். சில இன்ஜின்களில் நடுவே ஒரு சிறு தண்டு இருக்கும். அந்தக் கை ரப்பர் டயாஃப்ரத்தைக் கீழே இழுக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. இதுவரை இன்ஜினின் வேலை.

பெட்ரோலை மேலே தள்ளுவது இன்ஜின் அல்ல, டயாஃப்ரத்தின் அடியில் இருக்கும் ஸ்பிரிங். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்து நீடில் வால்வு மூடிக்கொண்டால், பெட்ரோல் போக வழியில்லாமல் டயாஃப்ரம் கீழேயே நிற்கும். பம்பின் கை சும்மா ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங். அளவைத் தீர்மானிப்பது டயாஃப்ரம் எவ்வளவு தூரம் போய் வருகிறது என்பதும், உள்வரும் வால்வும் வெளியேறும் வால்வும் எவ்வளவு இறுக்கமாக மூடுகின்றன என்பதும். ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் குறையும். டயாஃப்ரம் விறைத்தால் அளவு குறையும். கிழிந்தால் பெட்ரோல் கீழே இறங்கும். வால்வு சரியாக உட்காராவிட்டால் இரவு முழுக்கப் பெட்ரோல் பின்னால் வழிந்து டேங்குக்கே திரும்பிவிடும், காலையில் செல்ஃபை நீட்டி அடிக்க வேண்டியிருக்கும்.

அந்தக் காலைத் தொல்லையை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் வாரக்கணக்கில் நின்ற வண்டியில், கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். அது இயல்பு. நேற்று ராத்திரி நிறுத்தி இன்று காலை எடுக்கும்போதே அப்படியென்றால்தான் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

ஷெட்டுக்கு வருகிறவர் சொல்வது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “ஊருக்குள்ள நல்லாதான் போவுதுண்ணே. ஹைவேயில மிதிச்சா இழுக்கல, ஜெர்க் அடிக்குது. காலை எடுத்துட்டு மறுபடி மிதிச்சா போவுது.”

நல்ல மெக்கானிக் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். “மிதிச்ச உடனே ஜெர்க் அடிக்குதா, கொஞ்ச தூரம் போயா?” என்று கேட்பார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் சேமிப்பாக நிற்கும். அது 40 மில்லி என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நிமிடத்துக்கு 250 மில்லி கேட்கிறது, தளர்ந்த பம்ப் 150 மட்டும் தருகிறது. குறைபடும் 100 மில்லியைக் கிண்ணம் ஈடு செய்யும். கிட்டத்தட்ட 25 விநாடிவரை. பிறகு திணறும். காலை எடுத்தால் இன்ஜினின் தேவை சட்டென்று விழும், கிண்ணம் சில விநாடிகளில் நிறையும், வண்டி மறுபடி இழுக்கும். தாமதமாகத் திணறுவதும் தாமதமாகத் தேறுவதும் பெட்ரோல் பற்றாக்குறையின் அடையாளம்.

மிதித்த அந்த நொடியே வெட்டினால் பாயிண்ட், கண்டென்சர், காயில், பிளக் ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். மின்சாரக் கோளாறு சட்டென வரும், சட்டென விடும், சில நேரம் சைலன்சரில் வெடிக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் எப்போதுமே ஏறவில்லை, ஜெர்க்கும் இல்லை என்றால் மெயின் ஜெட் அடைப்பு அல்லது ஏர் ஃபில்டர். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் கிளட்ச். இந்தக் கடைசி ஒன்றையும் ‘இழுக்கல’ என்றே சொல்வார்கள் என்பதால் நேரில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

கேஸ் மாட்டிய ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேஸில் நன்றாக ஓடி, பெட்ரோலுக்கு மாற்றியதும் திணறினால், ஸ்பார்க் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் அந்த வண்டிகளில் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே பெட்ரோலை நிறுத்தித் திறக்கும் ஒரு சோலனாய்டு வால்வு இருக்கும். அது பாதி திறந்து சிக்கிக்கொண்டால், தளர்ந்த பம்பு காட்டும் அதே அடையாளங்களை அச்சாகக் காட்டும். முதலில் அதைத் தாண்டி நேராகக் குழாய் இணைத்து ஓட்டிப் பாருங்கள்.

டேங்கிலிருந்து தொடங்குங்கள்

பெட்ரோல் வரும் வழியிலேயே போவதுதான் முறை. பின்னாலிருந்து முன்னால்.

முதலில் டேங்க் மூடி. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடியிலோ தனிக் குழாயிலோ அதற்கென்று ஒரு நுண்ணிய துளை இருக்கும். தூசியும் பாலிஷும் அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். எந்தப் பம்பும் அதை எதிர்த்து உறிஞ்ச முடியாது. வண்டி திணறி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி ஓடினால், கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. செலவு ஒரு ஊசி. மூடி தொலைந்துபோய் வேறு வண்டியின் மூடியைப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

அடுத்தது டேங்கின் அடி. நெடுங்காலம் நின்ற வண்டியில் உள்ளே துரு உதிர்ந்து, உறிஞ்சுகுழாயின் நுனியில் இருக்கும் வலையைப் போர்த்திக்கொள்ளும். வண்டி நின்றதும் துரு அடியில் படியும், மறுபடி ஓடும். கொஞ்ச தூரம் போனதும் திரும்ப வலையில் ஒட்டும். நின்று நின்று ஓடும் வண்டியின் கதை பெரும்பாலும் இதுதான். பம்புப் பக்கத்துக் குழாயைக் கழற்றி, டேங்கை நோக்கிக் கைப் பம்பால் மெதுவாகக் காற்றடித்துப் பாருங்கள். மூடி திறந்திருக்க வேண்டும். குமிழி தடையின்றிக் கொப்பளித்தால் வழி திறந்திருக்கிறது. கம்ப்ரஸர் காற்றை அடிக்கக் கூடாது. வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் நம் ஊரில் பழகிப்போன காரியம். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். பத்து ரூபாய்க் குழாயையும் ஒரு கைப் பம்பையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் குழாய்களில்தான் ஏமாறுவோம். டேங்குக்கும் பம்புக்கும் இடையில் உள்ள குழாய் வெடித்திருந்தால் பெட்ரோல் ஒழுகும் என்று எதிர்பார்ப்போம். இன்ஜின் ஓடும்போது அந்தப் பகுதியில் உறிஞ்சல்தான் இருக்கிறது. ஆகவே பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒரு சொட்டுக்கூடக் கசியாத குழாய் வண்டியை நிறுத்திவிடும். கிளிப்புக்கு அடியில் குழாயை வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் முழு நீளத்தையும் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருந்து உள்சுவர் ஊறிப்போய் ஒட்டிக்கொள்ளும் குழாயும் உண்டு. விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். நல்ல குழாய் அப்படி அமுங்காது.

நெசவு, புடவை வியாபாரக் குடும்பத்தார் இன்னொன்றையும் கவனிக்கலாம். டிக்கியில் வைத்த புடவையில் பெட்ரோல் வாடை அடித்தால், அது வாசனைப் பிரச்சினை மட்டும் அல்ல. டேங்க் பக்கத்துக் குழாயோ, பெட்ரோல் அளவுமானியின் கேஸ்கெட்டோ விட்டுவிட்டது என்று பொருள். வண்டி நிற்கும்போது அங்கே ஆவி வெளியேறுகிறது. குழாய் விட்டிருந்தால் ஓடும்போது அதே இடத்தில் காற்றும் உள்ளே போகும்.

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கருத்திருந்தால் மாற்றுங்கள். அம்புக்குறி பம்பின் திசையைக் காட்ட வேண்டும்.

பாட்டில் சோதனை

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பம்பிடம் வாருங்கள்.

இடம் முக்கியம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் வீட்டு வாசலோடு ஒட்டித்தான் வண்டி நிற்கும். உள்ளே தறி, பட்டு, அடுப்பு, பூஜை விளக்கு. அங்கே இந்த வேலை வேண்டாம். திறந்த வெளிக்கு, நிழலுக்குப் போங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் அல்லது பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். பெட்ரோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் அது பரவும். வேடிக்கை பார்க்க வருகிறவர் கையில் பீடி இருந்தால் வேலையை நிறுத்துங்கள். மரியாதைக்குச் சும்மா இருக்கும் இடமல்ல அது.

காயிலுக்குப் போகும் சிறு ஒயரைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். இன்ஜின் சுற்றும், ஸ்பார்க் வராது. கார்புரேட்டருக்குள் நுழையும் குழாயைக் கழற்றி, அதோடு நீளமான ஒரு துண்டுக் குழாயை இணைத்து, பேட்டரியிலிருந்தும் சைலன்சரிலிருந்தும் தள்ளித் தரையில் வைத்த, அளவுக்கோடு போட்ட தெளிவான பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். முதல் முறை அடிப்பது குழாயை நிரப்ப. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பிறகு 15 விநாடி. அதற்கு மேல் தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகும். நடுவே ஒரு நிமிடம் ஆற விடுங்கள்.

அளவைப் பார்ப்பதற்கு முன் பெட்ரோல் வரும் விதத்தைப் பாருங்கள். நல்ல பம்ப் துடிப்புத் துடிப்பாக, பீய்ச்சி அடிக்கும். அம்பாசடர் அளவு இன்ஜினில் 15 விநாடியில் 100 மில்லிக்கு அருகே வந்தால் கவலை இல்லை. சிறிய மாருதி இன்ஜினுக்கு அதைவிடக் குறைவே போதும். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எண் கொடுத்திருந்தால் அதற்கே முதலிடம். துடிப்பு இருந்தும் நுரை நுரையாக, குமிழியோடு வந்தால் பம்ப் உழைக்கிறது, பின்னால் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். குழாய்களுக்கே திரும்பிப் போங்கள். சந்தேகம் தீராவிட்டால், டேங்க் பக்கத்துக் குழாயைக் கழற்றிவிட்டு, தனியாக ஒரு சிறு கேனிலிருந்து புதிய குழாய் வழியே உறிஞ்சவிட்டு இதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது பீய்ச்சினால் குற்றவாளி பின்னால் இருக்கிறான். இப்போதும் சொட்டினால் பம்ப்தான்.

இந்த இரண்டாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. பம்புக்கும் மற்றவற்றுக்கும் இடையே தெளிவாகக் கோடு கிழிப்பது அது ஒன்றுதான்.

அழுத்தமானி கிடைத்தால் இன்னும் நல்லது. டயருக்கு வைத்திருக்கும் மானி உதவாது. 0 முதல் 10 பிஎஸ்ஐ வரை காட்டும் சிறியது வேண்டும். இந்த வகைப் பம்புகள் பொதுவாக ஒன்றரை முதல் ஐந்து பிஎஸ்ஐக்குள் இருக்கும். அம்பாசடர் காலத்தவை கீழ்ப் பக்கம், ஜப்பானிய வடிவமைப்புகள் மேல் பக்கம். செல்ஃபை நிறுத்திய பிறகும் முள் சில விநாடிகளாவது நிற்க வேண்டும். நிறுத்தியதும் பூஜ்யத்துக்கு விழுந்தால் வெளியேறும் வால்வு மூடவில்லை. அளவு சரியாக இருந்து அழுத்தம் மட்டும் குறைந்தால் ஸ்பிரிங். இரண்டும் சரி, வண்டி மட்டும் திணறுகிறது என்றால் கார்புரேட்டர் நீடில் வால்வின் வாயில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றிப் பாருங்கள்.

சில பம்புகளில் கையால் அடிக்க ஒரு சிறு நெம்பு இருக்கும். அது தளர்வாக, எதிர்ப்பே இல்லாமல் ஆடினால் பம்ப் போய்விட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுவார்கள். கேம் மேடு ஏற்கெனவே பம்பின் கையை அழுத்திக்கொண்டிருக்கும் நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் நெம்புக்கு வேலையே இருக்காது. இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் ஒத்திப்போடக் கூடாது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் கூடியிருந்தால் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்புக்குள் இறங்குகிறது. சில பம்புகளின் உடலில் இதற்கென்றே உள்ள துளை வழியாக வெளியே சொட்டும். அது நல்லது, கண்ணில் படும். உள்ளே இறங்கினால் தெரியாது. நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போகும். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பம்பையும் ஆயிலையும் ஒன்றாக மாற்றிய பிறகு எடுங்கள்.

கத்திரி வெயிலும் ஈரத் துணியும்

வைகாசிக் கருட சேவை நாளில் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வரதர் கோயில் பக்கம் காரில் போக முயன்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, ரேடியேட்டருக்குக் காற்று இல்லை. பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருப்பதால் அதற்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகத் தொடங்கும். டயாஃப்ரம் ஆவியை அமுக்கி அமுக்கி விடும், பெட்ரோல் நகராது. இதைத்தான் ‘ஏர் லாக்’ என்பார்கள். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்குபவை என்பதால் இதில் வியப்பில்லை. நிறுத்திய பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் பானெட்டுக்குள் சூடு உச்சத்துக்குப் போகும், அப்போது ஸ்டார்ட் ஆகாது. ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

பழைய டாக்சி ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத் துணி சுற்றுவது கைவைத்தியம் என்று சிலர் சிரிப்பார்கள். அது சரியான சோதனையும்கூட. துணி போட்ட ஐந்து பத்து நிமிடத்தில் வண்டி உயிர் பெற்றால் சூடுதான் காரணம். பெறாவிட்டால், சூட்டில் செயலிழக்கும் கண்டென்சரையோ காயிலையோ பாருங்கள். துணியை நன்றாகப் பிழிந்து போடுங்கள். கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் தண்ணீர் படக் கூடாது.

இத்தனை ஆண்டுகள் கத்திரியில் ஓடிய வண்டி இந்த ஆண்டுதான் ஏர் லாக் ஆகிறது என்றால், வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஃபில்டரோ டேங்க் வலையோ பாதி அடைத்திருந்தால் பம்ப் அதிகமாக உறிஞ்ச வேண்டியிருக்கும். உறிஞ்சல் கூடினால் குழாய்க்குள் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பின்னால் உள்ள அடைப்பு இப்படி முன்னால் வெப்பக் கோளாறாக வேஷம் போடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

2022 ஜூனில் நாடு முழுவதும் சராசரி 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-இல் அதுவே பொதுவான பெட்ரோல் ஆகிவிட்டது. 1985-இல் செய்த டயாஃப்ரத்தை வடிவமைத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய ரப்பர் ஊதும், பிறகு விறைக்கும். டேங்கின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த பிசினை எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். முதல் சில நிரப்பல்களுக்கு ஃபில்டர் அடிக்கடி அடைபடும். அதைப் பம்பின் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து, உறிஞ்சுகுழாய் இருக்கும் அடிப்பகுதியிலேயே தங்கிவிடும். பாட்டில் சோதனையில் பிடித்த பெட்ரோலை அரை மணி நேரம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்கைக் காலி செய்வதுதான் வழி. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் வண்டியில் ஈரம் சேர நாள் நிறைய, பெட்ரோலும் பழசாகிவிடும். வாங்கிய பெட்ரோல் சில வாரங்களுக்குள் தீரும்படி ஓட்டுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகள்

காஞ்சிபுரத்துக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் உற்பத்தி தொடங்கிய சான்ட்ரோவும் இப்போது பழைய காராகிவிட்டது. அதிலும், பிற்கால மாருதி 800-இலும் பம்ப் மின்சாரத்தில், டேங்குக்குள்ளேயே மூழ்கி ஓடுகிறது. அழுத்தம் 3 பார் அளவில், கார்புரேட்டர் பம்பைப்போல் பல மடங்கு. மேலே சொன்ன பாட்டில் சோதனையை இந்த வண்டிகளில் ஒருபோதும் செய்யாதீர்கள். குழாயைக் கழற்றினால் முகத்தில் பீய்ச்சும்.

வீட்டில் செய்யக்கூடியது காதால் கேட்பதுதான். சாவியைத் திருப்பியதும் பின் சீட்டுப் பக்கம் ஓரிரு விநாடி ‘ஊம்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்புக்கு வரும் ஒயரில் வோல்டேஜ். பழைய வண்டிகளில் எர்த் இணைப்பு துருப்பிடித்து 12 வோல்ட் 9 ஆக வந்து சேரும்; பம்ப் நன்றாக இருந்தும் மெதுவாக ஓடும். அந்தப் பம்பைக் குளிர வைப்பது சுற்றியுள்ள பெட்ரோல்தான். ஐநூறு ரூபாய்க்குப் போட்டு, ரிசர்விலேயே ஓட்டும் வழக்கம் அதைச் சீக்கிரம் சாகடிக்கும். மற்றதை மானி வைத்திருக்கும் ஷெட்டில் விடுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்திலும், மாருதி 800 அதே ஆண்டு ஜனவரியிலும் நின்றன. பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதியவை, புதுப்பேட்டையில் கழற்றியவை. கழற்றிய பம்பை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் பழைய பம்பின் உடல் நன்றாக இருந்தால் அதற்கு ரிப்பேர் கிட் போடுவது மேல். கிட்டில் உள்ள ரப்பர் எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் இழுத்தால் வேறு கடை பாருங்கள். வால்வுகள் உடலோடு அறையப்பட்ட, பிரிக்க முடியாத பம்பானால் புதிதுதான்.

மாட்டும்போது நடக்கும் தவறு ஒன்று புதுப் பம்பையே தளர்ந்த பம்பாக்கிவிடும். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு பேக்கலைட் துண்டும் கேஸ்கெட்டும் இருக்கும். சூட்டைத் தடுப்பது மட்டுமல்ல அவற்றின் வேலை. பம்பின் கை கேம் மேட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் அவையே முடிவு செய்கின்றன. ஆயில் கசிகிறது என்று கூடுதலாக இரண்டு கேஸ்கெட் வைத்தால் கை அசையும் தூரம் குறையும், பெட்ரோல் குறையும். பேக்கலைட்டை விட்டுவிட்டால் கை அளவுக்கு மீறி அழுந்தி உடையும், பம்பும் கொதிக்கும். எடுத்த கனத்தையே திருப்பி வையுங்கள். உள்ளே நுழைக்கும்போது கை கேமின் சரியான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நட்டைப் போடுங்கள். போல்ட் இழுத்துத்தான் உட்கார வேண்டும் என்ற நிலை வந்தால் எங்கோ தப்பாகப் போகிறது.

மாட்டியதும் பாட்டில் சோதனையை மறுபடி செய்து, 15 விநாடியில் வந்த அளவைத் தேதியோடு பானெட்டின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஒப்பிட ஒரு எண் இருக்கும். பிறகு ஓட்டிப் பார்க்க ஊருக்குள் சுற்ற வேண்டாம். விடியற்காலையில், லாரிகள் குறைவாக இருக்கும் நேரத்தில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போங்கள். டாப் கியரில், சட்ட வேகத்துக்குள், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அரை நிமிடத்துக்கு மேல் பிடியுங்கள். அந்த நேரத்துக்குள் கிண்ணத்துச் சேமிப்பு தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகும் இழுத்தால் பம்ப்தான் இழுக்கிறது. திரும்பி வந்து குழாய் மூட்டுகளைத் துணியால் துடைத்து ஈரம் பாருங்கள். மறுநாள் காலை டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது கேஸ்கெட் அமுங்கி, அவை கொஞ்சம் தளர்ந்திருக்கலாம்.